வேலியே பயிரை மேயும்போது: கூடாரத் தக்காளியும் மிரிட் பூச்சியும்

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் அவ்வருடம் மே மாதம் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை காரணமாக, கடைகளில் பூச்சிநாசினிப் போத்தல் ஒன்றைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வலப்பனைக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குத் தக்காளி தரும் ஒரு தம்பியிடம் 5,000 சதுர அடிப் பொலித்தீன் கூடாரம் ஒன்று உண்டு. தும்புத்தூள் பைகளில் நட்ட ஏறத்தாழ 1,000 செடிகள். அந்தப் போகத்துக்கு நான் அவருக்கு முற்பணம் கொடுத்திருந்தேன்.

"நானா, செடி நல்லாத்தான் இருக்கு. பூவும் பூக்குது. ஆனா காய் நிக்க மாட்டேங்குது" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். இளந்தண்டுகளிலும் இலைக் காம்புகளிலும் நூல் சுற்றிக் கட்டியதுபோல் கபில நிற வளையங்கள். ஒரு நுனியை மெல்ல வளைத்தேன்; வளையம் இருந்த இடத்தில் பட்டென்று முறிந்தது. பூங்கொத்துகளில் ஐந்தாறு பூ இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மூன்றே நின்றன. வெள்ளைத் தாள் ஒன்றை நுனிக்குக் கீழே பிடித்துத் தட்டியபோது மெலிந்த, பச்சை நிறப் பூச்சிகள் சில விழுந்து ஓடின. நீளம் 3 அல்லது 4 மில்லிமீற்றருக்கு மேல் இராது. சிறகில்லாத குஞ்சுகளும் கூட இருந்தன.

எங்கள் இருவருக்கும் அப்போது ஒரே முடிவுதான் தோன்றியது: மருந்து அடிக்கவேண்டும். ஆனால் மருந்து இல்லை. நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டது. டிசம்பரில் ஒரு கடையில் கிடைத்ததை முன்னைய விலையைப் போல் பல மடங்கு கொடுத்து வாங்கினோம். "எல்லாப் பூச்சிக்கும் கேட்கும்" என்று கடைக்காரர் சொன்ன மருந்து அது. ஒரே வாரத்தில் இரண்டு தடவை விசிறினோம். பச்சைப் பூச்சி போயிற்று. தம்பிக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி.

மூன்றாவது வாரம் செடியை அசைத்தால் மாவு தூவியதுபோல் வெண் ஈ கிளம்பியது. அதன் பின்னால் இலைச் சுருள் நோய் வந்தது. தக்காளிக்கு வரும் இலைச் சுருள் வைரஸ்களில் எமது நாட்டின் பெயரையே தாங்கிய ஒன்றும் உண்டு. இவற்றைச் செடிக்குச் செடி காவுவது வெண் ஈதான். தளிர்கள் கிண்ணம்போல் சுருண்டு குறுகிவிட்டன. 2022 மார்ச் மாதம் செடிகளைப் பிடுங்கி எரித்தோம். முற்பணத்தில் பாதிக்கு மேல் அந்த நெருப்போடு போயிற்று. அவ்வருடம் ரூபாய்க்கு நேர்ந்த கதி வாசகர்களுக்குத் தெரியும். மீதிப் பணம் வந்து சேர்ந்தபோது அதன் பெறுமதியும் பாதியாகியிருந்தது.

பின்னர் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தம்பி ஒரு சிறு போத்தலில் போட்டு வைத்திருந்த பூச்சிகளை அவர் உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முதலாளி, நீங்கள் காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கள்ளனுக்குக் கதவைத் திறந்திருக்கிறீர்கள்" என்றார். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. மரக்கறி வியாபாரம் செய்வோர், கூடாரச் செய்கைக்குப் பணம் இடுவோர், விவசாயப் பொருட் கடை நடத்துவோர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் இதில் விடயம் உண்டு.

இப்பூச்சி மிரிட் எனப்படும் நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. விஞ்ஞானப் பெயர் நெசிடியோகோரிஸ் டெனுயிஸ். தலையின் பின்புறம் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியதுபோல் ஒரு வளையம் தெரியும். கால் மூட்டுகளும் கறுத்திருக்கும். ஊசிபோன்ற வாயினால் குத்தி உறிஞ்சுவது இதன் தொழில். வெண் ஈயின் முட்டையையும் குஞ்சையும் குத்தி உறிஞ்சும். பனிப்பூச்சி, சிற்றுண்ணி, அந்துப்பூச்சிகளின் முட்டை ஆகியவற்றையும் விடாது. பாடசாலைப் புத்தகங்களில் இரைகௌவி என்று படித்தோமே, அந்த வகை. ஆனால் சிலந்தியைப் போலவோ பொறிவண்டைப் போலவோ இது முழு இரைகௌவி அல்ல. இரை குறையும்போது அதே ஊசியைத் தக்காளித் தண்டில் குத்தும். நீரோட்டம் செல்லும் குழாய்களைச் சுற்றிச் சுற்றிக் குத்துவதால்தான் அந்த வளையம் உண்டாகிறது. பூக்காம்பில் குத்தினால் பூ உதிரும்.

ஆக, வெண் ஈ நிறைய உள்ள கூடாரத்தில் இது சம்பளம் கேட்காத கூலியாள். வெண் ஈயைத் தின்று முடித்த பின் அதே ஆள் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துச் செல்லத் தொடங்குகிறான். எமது கூடாரத்தில் ஒக்டோபரில் வெண் ஈ அறவே இல்லாமலிருந்ததை நான் பெருமையாக நினைத்தேனே தவிர, ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

இதே பூச்சியைக் கொண்டு உலகில் பெரிய வியாபாரம் நடக்கிறது. தென் ஸ்பெய்னில் அல்மேரியா என்றொரு மாகாணம். ஏறத்தாழ 30,000 ஹெக்டயர் நிலம் முழுவதும் பிளாஸ்டிக் கூரை. ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளியிலும் மிளகாயிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. 2006 இறுதியில் அங்கிருந்து ஜேர்மனிக்குப் போன குடை மிளகாயில், அனுமதியில்லாத ஒரு பூச்சிநாசினியின் மிச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. சுப்பர் மார்க்கட்டுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அல்மேரியாவின் மிளகாய்ச் செய்கையாளர்கள் ஓரிரு போகங்களுக்குள்ளேயே பெருமளவில் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு மாறினார்கள். சட்டமோ பிரசாரமோ செய்யாததைக் கொள்வனவாளரின் ஒரு மறுப்புச் செய்தது. வியாபாரிகளாகிய எமக்கு இதில் விளங்க நிறைய இருக்கிறது.

அதே 2006 இல்தான் தென் அமெரிக்காவிலிருந்து டூட்டா அப்சலூட்டா என்னும் தக்காளி அந்துப்பூச்சி ஸ்பெய்னுக்குள் நுழைந்தது. மருந்துகளுக்கு அசையாத அதன் முட்டைகளை இந்த மிரிட் பூச்சி தின்றது. அதன்பின் தக்காளி நாற்று நாற்றுமேடையில் இருக்கும்போதே இப்பூச்சியை விட்டு, நாற்றோடு சேர்த்துக் கூடாரத்துக்குக் கொண்டுபோகும் முறை அங்கே பரவியது. நெதர்லாந்தின் கொப்பர்ட் நிறுவனம் இதனைப் போத்தலில் அடைத்தே விற்கிறது. பக்கத்து இந்தியாவில் 2014 இல் அந்த அந்துப்பூச்சி மஹாராஷ்டிராவில் காணப்பட்டபோது, பெங்களூருவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்களும் இந்த மிரிட்டை அதன் எதிரியாகப் பதிவு செய்தார்கள். அங்கே யாரும் போத்தலில் கொண்டுவந்து விட்டதல்ல. தானாகவே வயலில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், போத்தலில் அடைத்து விற்கும் நெதர்லாந்திலேயே தக்காளிச் செய்கையாளர்கள் இதைக் கண்டால் நடுங்குகிறார்கள். அவர்கள் இதன் சாதுவான உறவுக்காரனாகிய மக்ரோலோபஸ் என்ற வேறொரு மிரிட்டைத்தான் வளர்ப்பார்கள். வருடம் முழுவதும் சூடேற்றிய கண்ணாடிக் கூடாரம், பல மாதங்கள் நிற்கும் செடி, வெண் ஈயோ சொற்பம். அங்கே நெசிடியோகோரிஸ் நுழைந்தால் தின்பதற்குத் தக்காளியைத் தவிர வேறில்லை. ஸ்பெய்னில் கூலிக்கு ஆள், நெதர்லாந்தில் தேடப்படும் குற்றவாளி. பூச்சி ஒன்றுதான், கூடாரத்தின் நிலைமைதான் வேறு.

இனி வலப்பனைக்கு வருவோம். வெப்பம் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது இப்பூச்சி நன்றாகப் பெருகும். 25 பாகையில் முட்டை பொரிக்க ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம், குஞ்சு வளர்ந்து சிறகு முளைக்க ஏறத்தாழ இரண்டு வாரம்; மொத்தம் மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை. குளிரில் இழுத்து இழுத்து வளரும். இராகலை மேட்டிலுள்ள கூடாரத்துக்கும், கீழே ரந்தெனிகலைப் பக்கம் இறங்கும் சரிவிலுள்ள கூடாரத்துக்கும் ஒரே புத்திமதி சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம். வலப்பனைப் பிரதேசத்தில் அரை மணித்தியாலம் லொறி ஓடினால் சுவெட்டரைக் கழற்றவேண்டி வருகிறதல்லவா? பொலித்தீனுக்குள் பகல் வெப்பம் வெளியே இருப்பதைவிட இன்னும் கூடும். எனவே சரிவிலுள்ள கூடாரக்காரர் வாரந்தோறும் பார்க்கவேண்டும். மேட்டில் உள்ளவர் வெயில் மாதங்களில் மட்டும் கவனித்தால் பெரும்பாலும் போதும்.

பார்ப்பது என்றால் எண்ணுவது. கூடாரத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக 20 செடிகளைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றின் நுனியையும் வெள்ளைத் தாளில் தட்டி எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறேன். அதே செடிகளில் இலையைத் திருப்பி வெண் ஈக் குஞ்சு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பச்சைப் பூச்சி கூடுகிறது, வெண் ஈயும் இருக்கிறது என்றால் பயமில்லை. பச்சைப் பூச்சி கூடிக்கொண்டே போக வெண் ஈ அற்றுப்போகிறது என்றால், அடுத்த இரண்டு வாரத்தில் வளையம் தோன்றும் என்று எதிர்பார்க்கலாம். கடைக் கணக்கில் இருப்பும் விற்பனையும் பார்ப்பதுபோலத்தான். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பூ உதிர்ந்தால் உடனே இப்பூச்சியின் தலையில் பழியைப் போடக்கூடாது. கடும் வெப்பத்திலும் தக்காளிப் பூ உதிரும். கூடாரத்துக்குள் காற்று அசையாததால் மகரந்தம் கொட்டாமலும் உதிரும். காலையில் கயிறுகளைத் தட்டி விடுவது அதற்காகத்தான். வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையமில்லாமல் பூ மட்டும் உதிர்ந்தால் வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

நட்டக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு செடியிலும் ஒரு கொத்தில் இரண்டு பூ வீதம் விழுந்தால் 1,000 செடியில் 2,000 காய் குறைகிறது. பத்துக் காய் ஒரு கிலோ என்று வைத்தால் 200 கிலோ. இது பெரிய தொகைதான். ஆனால் ஸ்பெய்னில் செய்த ஓர் ஆய்வில், பூ உதிர்ந்தபோதும் எஞ்சிய காய்கள் பெருத்து எடையை ஈடு செய்திருக்கின்றன. கொத்தில் நாலைந்து காய் நின்றால் பெரிய காயாக வருவதை நாமும் கண்டிருக்கிறோம். ஹோட்டல்களுக்குக் கொடுப்பவருக்குப் பெரிய காய் நல்லது என்றுகூடச் சொல்லலாம்.

மறுபுறம் மருந்தின் கணக்கு. போத்தலின் விலையை மட்டும் பார்க்கிறோம். லேபளில், விசிறிய பின் அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அது 14 நாள் என்றால், வாரம் இரண்டு முறை பறிக்கும் கூடாரத்தில் நான்கு பறிப்பு விற்பனைக்கு ஆகாது. நான்கு பறிப்பின் பெறுமதியை எழுதிப் பாருங்கள்; பூச்சி தின்றது சிறிதாகத் தெரியும். அந்த நான்கு பறிப்பையும் பேசாமல் தம்புள்ளைக்கு ஏற்றிவிடுவோரும் உண்டு. அதை வியாபாரம் என்று நான் சொல்லமாட்டேன். பெட்டியில் மேலே நல்ல காயும் கீழே அழுகிய காயும் அடுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அழுகியதையாவது வாங்குபவர் வீட்டில் கண்டுபிடிப்பார்.

அப்படியானால் வளையம் தெரியத் தொடங்கினால் என்ன செய்வது? முதல் ஆயுதம் கையும் கத்தரிக்கோலும். இப்பூச்சி நுனித் தளிர்களில்தான் கூடி வாழ்கிறது. முட்டையையும் இளந்தண்டுக்குள்ளேயே செருகி இடுகிறது. வழக்கமாக நாம் ஒடித்தெறியும் பக்கக் கிளைகளோடு முட்டையும் குஞ்சும் போகும். பூச்சி அதிகம் என்றால் ஒடித்தவற்றை உடனே கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைக்கவேண்டும். பூச்சி போதாது, வெண் ஈ கூடுகிறது என்றால் அதே கிளைகளைச் செடியடியில் இரண்டொரு நாள் விட்டுவைக்கலாம். குஞ்சுகள் ஏறிச் செடிக்கு வந்துவிடும். ஒரே வேலையைச் செய்யும் நேரத்தை மாற்றினால் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. செலவு ஒரு சதமும் இல்லை.

இரண்டாவது எள்ளு. ஆம், நாம் எள்ளுருண்டை பிடிக்கும் அதே எள்ளு. இம்மிரிட்டுக்குத் தக்காளியை விட எள்ளுச் செடி மிக விருப்பம். ஜப்பானின் கொச்சி மாகாணத்துக் கூடாரச் செய்கையாளர்கள் எள்ளு நட்டு இப்பூச்சியைப் பேணி வெண் ஈயையும் பனிப்பூச்சியையும் கட்டுப்படுத்துகிறார்கள். எள்ளு பக்கத்தில் இருந்தால் தக்காளிக்கு ஏற்படும் சேதம் குறைகிறது என்றும் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தம்பியின் கூடாரத்தில் இப்போது ஓரமாக 12 சட்டிகளில் எள்ளு நிற்கிறது. பூச்சி கட்டுமீறினால் சட்டியை அப்படியே தூக்கி வெளியே கொண்டுபோய்விடலாம். எள்ளு வெப்பத்தை விரும்பும் பயிர். சரிவிலுள்ள கூடாரத்தில் முளைத்து வருகிறது. இராகலைக் குளிரில் முயன்ற இன்னொருவருக்கு ஒரு சாண் வளர்ந்து நின்றுவிட்டது.

மூன்றாவதாகத்தான் விசிறல். அதுவும் முழுக் கூடாரத்துக்கல்ல. வளையம் கூடுதலாகத் தெரியும் வரிசைகளில், நுனிப் பகுதிக்கு மட்டும், பயிருக்கென விற்கும் சவர்க்காரக் கரைசலை மாலை வேளையில் விசிறினால் மேலே படும் குஞ்சுகள் சாகும். தண்டுக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே பத்து நாளில் மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டும். முட்டை தப்புவதை ஒரு குறையாக நான் இப்போது நினைப்பதில்லை. அடுத்த தலைமுறைக் காவல்காரன் அதற்குள்தானே இருக்கிறான். இதற்கும் மிஞ்சினால் போதனாசிரியரிடம் கேட்டு, பதிவு செய்யப்பட்ட மருந்தை, லேபளில் உள்ளபடி. கடைக்காரர் சொன்னபடி அல்ல. விவசாயப் பொருட் கடை நடத்தும் சகோதரர்கள் கோபிக்கவேண்டாம். வாடிக்கையாளர் எந்தப் பூச்சிக்கு மருந்து கேட்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தால், அவர் அடுத்த போகத்துக்கும் உங்கள் கடைக்கு வரக்கூடிய நிலையில் இருப்பார்.

இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், "அந்தப் போத்தல் பூச்சியை இறக்குமதி செய்தால் என்ன?" என்று உடனே கேட்டார். வியாபாரி மூளை! ஆனால் உயிருள்ள பூச்சியை நாட்டுக்குள் கொண்டுவருவது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதியின்றிப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடிய சாமான் அல்ல. இங்கே தானாக வந்து நிற்பதைக் கொல்லாமல் விட்டாலே பெரும் மிச்சம்.

முற்பணம் கொடுப்போருக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் எத்தனை கிலோ, என்ன விலை, எந்தத் திகதி என்று மட்டும் பேசி எழுதுவேன். இப்போது வாராந்த எண்ணிக்கைக் கொப்பியும் எமது உடன்பாட்டில் சேர்ந்திருக்கிறது. மருந்து விசிறினால் திகதியையும் பெயரையும் அதில் எழுதவேண்டும். காத்திருக்கும் நாட்களில் பறித்ததை நான் ஏற்றமாட்டேன். அதற்குப் பதிலாக அந்த நாட்களின் நட்டத்தில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். நட்டம் முழுவதையும் செய்கையாளர் தலையில் வைத்தால் அவர் மறைக்கத்தான் பார்ப்பார். இந்த ஏற்பாட்டுக்குப் பின் கண்டியிலுள்ள இரண்டு ஹோட்டல்கள் கொப்பியின் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு நிரந்தரமாக எடுக்கின்றன. விலையில் பெரிய வித்தியாசம் தருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் சந்தையில் விலை விழும் நாளிலும் அவர்களின் ஓடர் விழுவதில்லை.

சென்ற வாரம் போனபோது கொப்பியைப் புரட்டினேன். 20 நுனிகளில் 14 பூச்சி. முந்திய வாரம் 9. வெண் ஈக் குஞ்சு எட்டுச் செடிகளில் இருந்தது. இரண்டு செடிகளில் மட்டும் மெல்லிய வளையம்.

"எள்ளுச் சட்டிய வெளிய எடுக்கவா நானா?" என்று தம்பி கேட்டார்.

வெண் ஈ இன்னும் இருக்கிறது, அடுத்த எண்ணிக்கை வரைக்கும் சட்டி உள்ளேயே நிற்கட்டும், ஒடிக்கும் கிளைகளை மட்டும் பையில் கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினேன்.